அண்ணாச்சியின் கணுக்கால்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் சங்கரபாண்டியன் என்றொரு சீடர் இருந்தார். குருவைவிடப் பதினோரு வயது மூத்தவர். அதனால் குருவே அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

ஆண்டுக்கொரு முறை குரு திருச்செந்தூருக்கு நடந்தே போவார். துணைக்கு ஒரே ஒரு சீடர். ஆறு வருஷம் காத்திருந்து, இந்த வருஷம்தான் அண்ணாச்சியின் முறை வந்தது. சனிக்கிழமை புறப்பாடு.

மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. காலை உரமாக்குகிறேன் பேர்வழி என்று, ஈரப் படிக்கட்டில் இரண்டு குடத்தோடு ஓட்டமும் நடையுமாக ஏறி இறங்கினார். திங்கட்கிழமை கணுக்கால் மடங்கிச் சுளுக்கிக்கொண்டது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சுடச்சுட எண்ணெய் ஊற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தானே நீவி இழுத்தார். வீக்கம் இரண்டு மடங்கானது.

மறுநாள் பாடத்தின் நடுவே குரு கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, இப்படி வேர்க்குது?"

"வெக்கை, சாமி."

"நடையும் ஒரு மாதிரி இருந்துச்சே?"

"சின்ன முள்ளு, சாமி. எடுத்தாச்சு."

"காலைக் கொஞ்சம் நீட்டித்தான் உக்காருங்களேன்."

"உங்க முன்னாடியா? அடுக்குமா சாமி?"

குருவுக்கு எதிரே கால் நீட்டக் கூடாது என்பது மடத்து வழக்கம். அண்ணாச்சி அந்தக் காலை மடக்கிச் சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பிடிவாதமோ! பாடம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். அவரால் மட்டும் எழ முடியவில்லை.

குரு இறங்கி வந்தார். எதிரே தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மெல்லத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, விடுங்க சாமி! பாவம் சாமி!"

"ஆட்டாதீங்க."

எலும்பை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். பானைத் தண்ணீரில் துணியை நனைத்து, வீக்கத்தின் மேல் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அளவான இறுக்கத்தில் ஒரு கட்டுப் போட்டார்.

"இனிமே எண்ணெயும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். ராத்திரி தலையணையைக் காலுக்கு வைங்க. நாளைக்கு ஆஸ்பத்திரியில ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம். அதுவரைக்கும் தரையில ஊணக் கூடாது."

அண்ணாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது மனுஷர் அப்படித் தேம்பியதைப் பார்க்க யாருக்கும் தாங்கவில்லை.

"அப்போ சனிக்கிழமை வேற ஆளைக் கூட்டிட்டுப் போவீங்களா சாமி?"

குரு முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொன்னவன் சாமி நான். என் காலைப் போய் மடியில வச்சிருக்கீங்களே."

"பொய் சொன்னது உங்க வாய். ரெண்டு நாளா எங்கிட்ட உள்ளதைச் சொன்னது இந்தக் கால் ஒண்ணுதான். அது என்னைக்குப் போகலாம்னு சொல்லுதோ, அன்னைக்கு நாம ரெண்டு பேரும் கிளம்புவோம், அண்ணாச்சி."