மூன்று திரை, ஒரு சாண்

"தனித்தனியா வெச்சா மூணும் நல்லாத்தானுங்க இருக்குது, டீச்சர். ஒண்ணாச் சேத்துனா நடுங்குதுங்க."

சொல்லும்போதே சென்னியப்பன் சுவரில் சாய்ந்துகொண்டார். நிற்கவும் தெம்பில்லை.

பெர்னடெட் டீச்சர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய மானிட்டர்களைச் சரிபார்க்கும் வித்தையை அவரிடம்தான் சென்னியப்பன் கற்றுக்கொண்டார். வயதில் குரு இளையவர். பேச்சில் மகா கஞ்சம். கோயமுத்தூர் வெயிலில் பஸ் மாறி வந்ததில் அன்றைக்கு அவருக்கும் அலுப்புத்தான்.

மேசைமேல் மூன்று மானிட்டர்கள். பின்னால் தொந்தி வைத்த அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகள். வீடியோ கேம் கடைகளில் ஓடிய பழைய விமான ஆட்டம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மூன்றிலும் ஒரே நீளப் படமாக ஓடவிட வேண்டும். அதுதான் சென்னியப்பனின் தவம்.

நடுவில் கறுப்புக் கோடு தெரியக் கூடாதென்று பிளாஸ்டிக் சட்டங்களைக்கூடக் கழற்றிவிட்டு, மூன்றையும் ஒட்டி வைத்திருந்தார். படம் காய்ச்சல்காரன்போல வெடவெடத்துக்கொண்டிருந்தது.

"என்னெல்லாம் பண்ணுனீங்க?" என்றார் டீச்சர்.

"கேபிள் மாத்துனனுங்க. கார்டு மாத்துனனுங்க. ஒரே மாடலாத் தேடிப் புடிச்சனுங்க. செட்டிங்ஸ்ல கை வெக்காத எடமில்லீங்க. சலிச்சுப் போச்சுங்க."

"அப்படியென்ன அவசரம்?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"என்ற பையன் தரணி இருக்கறானுங்களே. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுத் தனியாப் போறேங்கறான். ரெண்டு தெரு தள்ளி வீடு பாத்துட்டான்."

"சரி."

"சின்ன வயசுல இந்த ஆட்டம்னா அவனுக்கு உசுருங்க. நான் கேம் கடை வெச்சிருந்தப்ப பொழுதுக்கும் அங்கயேதான் கெடப்பான். இதை வீட்டுலயே வெச்சுக் குடுத்துட்டா..."

மேலே சொல்ல அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"போறேன்னவனுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. அந்தப் புது வீட்டுச் சாவிய வாங்கிக்கட்டுங்களாப்பான்னு கேட்டான். நான் எந்திரிச்சு வந்துட்டனுங்க. அதுலருந்து ஒரே வீட்டுக்குள்ள ஆளுக்கொரு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறோம்."

டீச்சர் எழுந்தார். இடது மானிட்டரைப் பிடித்து ஒரு சாண் தள்ளி வைத்தார். வலது மானிட்டரையும் அந்தப் பக்கம் ஒரு சாண் நகர்த்தினார்.

நடுக்கம் நின்றது.

எத்தனையோ நாள் பாடு! சென்னியப்பன் மூன்று திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தப் பொட்டிங்க கெட்டிருந்துச்சு?"

"எதுவும் கெடலீங்ண்ணா. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு காந்தச் சுருள் இருக்குது. ரொம்ப ஒட்டி வெச்சா ஒண்ணை ஒண்ணு ஆட்டும்."

"அதுக்குன்னு நடுவுல இப்படி எடம் விட்டா எப்படிங்க? பாக்கவே சகிக்கல."

"ஆமா," என்றார் டீச்சர்.

சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ மாற்றினார். காலியாகக் கிடந்த அந்தச் சாண் அகலத்தையும் ஆட்டத்தின் ஆகாயத்தோடு சேர்த்துவிட்டார். இனி விமானம் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்கு அந்த இடத்தையும் பறந்துதான் கடக்கவேண்டும்.

ஜாய்ஸ்டிக்கைச் சென்னியப்பன் பக்கம் நகர்த்தினார்.

"ஆடுங்க."

"இது பையனுக்குங்க, டீச்சர்."

"மொதல்ல நீங்க ஆடுங்க."

இடது திரையில் குட்டி விமானம் கிளம்பியது. ஓரம்வரை வந்தது. காணாமல் போனது. ஒரு மூச்சு விடும் நேரம் அது எங்குமே இல்லை. பிறகு நடுத்திரையில் மூக்கை நீட்டியது.

சென்னியப்பன் முன்னால் குனிந்தார். மேகத்தைத் தாண்டினார். எதிரி ஒருவனைச் சுட்டார். களைப்பெல்லாம் எங்கே போயிற்றோ, பள்ளிக்கூடப் பையன்போல நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடினார். விமானம் மறுபடி ஓரத்துக்கு வந்து மறைந்தது.

"ஏனுங்ண்ணா," என்றார் டீச்சர். "விமானம் கண்ணுக்குத் தெரியாமப் போனப்பகூட நீங்க கையை எடுக்கலியே?"

"எதுக்குங்க எடுக்கோணும்?" திரையை விட்டுக் கண்ணைத் திருப்பாமலே சொன்னார் சென்னியப்பன். "அந்தப் பக்கம் வந்துருமுங்களே."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

வலது திரையில் வந்த விமானம் ஓட்ட ஆளில்லாமல் ஒரு மலையில் மோதி வெடித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. சட்டைப் பையில் தடவித் தடவி போனை எடுத்தார்.

டீச்சர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணு," என்றார் சென்னியப்பன் போனில். "சாவிய வாங்கிக்க."