புத்தம் புதுசு

செண்பகவல்லி பி.பி.ஏ. கடைசி வருஷம். இன்டர்ன்ஷிப் முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது. ஏறி இறங்கிய கம்பெனியெல்லாம் கையை விரித்துவிட, கோயம்புத்தூரில் ஒரு கிரைண்டர் கம்பெனி மேனேஜர் தண்டபாணியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "முன் அனுபவம் இல்லாத யாரையும் நாங்க எடுக்கறதில்லைம்மா."

"அனுபவத்துக்காகத்தானே சார் வர்றேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

அவள் மூலையில் பளபளத்த கிரைண்டரைப் பார்த்தாள். "இது எத்தனை வீட்டுல மாவு ஆட்டியிருக்கு சார்?"

தண்டபாணிக்குச் சுருக்கென்றது. "என்னம்மா பேசறே? புத்தம் புதுசு. அடுத்தவங்க ஆட்டினதை யாரு வாங்குவா?"

"நானும் புதுசுதான் சார். ரெண்டு மாசம் ஓட்டிப் பாருங்க. சரியா ஓடலைன்னா திருப்பி அனுப்பிடுங்க."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"திங்கட்கிழமை வந்துரும்மா. சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியா இருக்கட்டும்."