பூனைச் சந்து

“இந்தக் கடலுக்கு ஏன் காட்டெகாட் என்று பெயர்?” என்று கேட்டான் யெப்பெ.

கப்பல்களுக்கு வழிகாட்டுபவள் மேரன். அவள் கயிறு முறுக்குவதை நிறுத்தவில்லை.

“டச்சு மாலுமிகள் வைத்தது. பூனைச் சந்து என்று அர்த்தம். ஒரு பூனைகூட உடம்பைக் குறுக்கித்தான் நுழைய வேண்டுமாம்.”

டென்மார்க்கின் வடக்கே, லேசோ தீவின் கரையில் இருந்தார்கள். எதிர்க்கரை கண்ணுக்கே தெரியவில்லை.

“இதுவா சந்து? நூறு கப்பல் தோளோடு தோள் போகலாமே.”

“போகலாம் போலத்தான் தெரிகிறது.”

யெப்பெக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வயதில் அவன் இவளிடம் சீடனாகச் சேர்ந்தது தொழில் கற்க அல்ல. போன வசந்தத்தில் அவன் தம்பி ஈவர் இங்கேதான் கப்பலோடு மூழ்கினான். புறப்படுமுன் அவன் வழி கேட்டது இவளிடம்.

“எல்லாம் உங்கள் பிழைப்புக்காகக் கட்டிவிட்ட கதை. என் தம்பிக்கும் ஏதோ தப்பான வழியைச் சொல்லியிருக்கிறீர்கள்.”

மேரன் எழுந்து படகைத் தண்ணீரில் தள்ளினாள்.

“சுக்கானை நீயே பிடி. எங்கே வேண்டுமானாலும் விடு.”

ஏறுமுன் அவன் அடிப்பலகைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தான். ஓட்டை இல்லை. அவள் இடுப்பில் கத்தி இருக்கிறதா என்றும் பார்த்தான். பார்க்கட்டும் என்று அவள் நின்றுகொண்டிருந்தாள்.

நடுக்கடலை நோக்கி நேராக விட்டான். கரை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் படகு சர்ரென்று மணலில் ஏறி நின்றுவிட்டது.

சுற்றிலும் கடல். எங்கும் ஒரே நிறம்.

மேரன் மரச்செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை.

“சரி, வழி எங்கே?” என்றான். குரலில் சந்தேகம் அப்படியே இருந்தது.

அவள் நடந்தாள். அவனும் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனான்.

“என் பின்னால் வராதே. எனக்குக் கால் தரையில் எட்டும்வரை கப்பல் போக ஆழமில்லை.”

இடுப்பு. மார்பு. கழுத்து.

லேசோவில் யாரும் நீந்தக் கற்பதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

“நடிக்காதீர்கள்!” என்று கத்தினான்.

“இதோ, வழி இங்கிருந்துதான்.”

இன்னோர் அடி வைத்தாள். தலை காணாமல் போனது.

யெப்பெ படகை விட்டுவிட்டு ஓடினான். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று துழாவி, தலைமுடியைப் பிடித்து இழுத்தான்.

அவள் வெகுநேரம் இருமினாள்.

“உன் தம்பிக்கும் இதே இடத்தைத்தான் காட்டினேன்” என்றாள். “இவ்வளவு பெரிய கடலில் இந்தச் சந்து வழியாகவா போவார்கள் என்று சிரித்தான்.”