இரண்டு நிமிடப் பந்தி

“இந்த மீனுக்குத் திமிரு,” என்றார் குற்றாலிங்கம்.

பிளவியா செருப்பை வாசலில் விட்டாள். கையிலிருந்த வாளியைக் கூடத்தில் வைத்தாள்.

வழக்கமாகச் சீடன்தான் குருவைத் தேடிப் போவான். இங்கே குரு ஸ்கூட்டரில் வந்திருந்தாள். வயது முப்பத்திரண்டு. சாப்பிட மறுக்கும் கடல்மீனைச் சாப்பிட வைக்க அவளை விட்டால் ஆள் இல்லை என்று தூத்துக்குடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் சொல்வார்கள்.

சீடருக்கு அறுபது. ஊரில் பெரிய கல்யாணம் என்றால் குற்றாலிங்கம் சமையல்தான். அன்றும் பக்கத்துத் தெரு மண்டபத்தில் அவர் சமையல். விடியுமுன் எழுந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, பரிமாறுவதை ஆட்களிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

கூடத்தில் நாலடி நீளத்துக்கு உப்புத்தண்ணீர்த் தொட்டி. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரத்தக் கொதிப்பு இறங்கும் என்று யாரோ சொல்லி வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து கொதிப்பு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

உள்ளே மூன்று மீன். இரண்டு கோமாளி மீன்கள். எதைப் போட்டாலும் தின்னும். பந்திக்கு முந்து என்பதை அவற்றுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது பட்டர்ஃப்ளை மீன். தட்டை உடம்பு, மஞ்சள் பட்டை, ஊசி போல நீண்ட வாய். வந்து பத்து நாள். ஒரு வாய் சாப்பிடவில்லை. வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது.

“நான் சைவம்,” என்றார் குற்றாலிங்கம். “எங்க வீட்டு வாசப்படில முட்டை ஏறாது. இந்தச் சனியனுக்காக இந்தக் கையால இறால் உரிச்சேம்மா. பூண்டுச் சாறு விட்டுப் பொடிப்பொடியா அரிஞ்சு போட்டேன். பாத்துட்டுத் திரும்பிப் போகுது.”

“ம்.”

“ஒரே நாள்ல அஞ்சாயிரம் பேருக்குப் பந்தி போட்டவன் நான். ஒருத்தன் உப்பு கொறைவுன்னு சொன்னதில்ல. கை நீளம் கூட இல்ல, இது என்கிட்ட மூஞ்சியைத் திருப்புது.”

“ம்.”

“என்ன ம்? செத்துப் போகும்மா அது. ஊருக்கே சோறு போடுதவன் வீட்ல ஒரு உயிரு பட்டினி கிடந்து சாகணுமா?”

அவருக்கு உண்மையில் அழுகை வந்தது. ஆனால் அவருக்கு வரும் எல்லாமே கோபமாகத்தான் வெளியே வரும். நாற்பது வருஷம் அடுப்படியில் கத்திப் பழகிய தொண்டை.

“எப்பவும் போடுத மாதிரி போட்டுக் காட்டுங்க அண்ணாச்சி,” என்றாள் பிளவியா.

கிண்ணத்தைக் கொண்டுவந்தார். தூவினார்.

கோமாளிகள் பாய்ந்தன. பட்டர்ஃப்ளை பாறைக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தது. ஒரு துணுக்கின் எதிரில் நின்றது. இந்தக் கண்ணால் பார்த்தது. உடம்பைத் திருப்பி அந்தக் கண்ணால் பார்த்தது.

குற்றாலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். சின்ன வலையைத் தண்ணீருக்குள் விட்டு மிச்சத்தையெல்லாம் மளமளவென்று அள்ளினார். மீன் பயந்து பாறைக்குள் போய்விட்டது.

“என்ன செய்யுதீங்க?”

“இலை எடுக்கேன்.”

“அது இன்னும் பாத்துக்கிட்டுல்லா இருந்துச்சு?”

“ரெண்டு நிமிஷம் ஆயிட்டு. மிச்சம் கிடந்தா தண்ணி நாறிரும்னு கடைக்காரன் சொல்லிருக்கான். மத்த ரெண்டும் தின்னு முடிச்சாச்சு, பாரு. இதுக்கு மட்டும் என்ன கேடு?”

பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

“மண்டபத்துலயே நான் இருபது நிமிஷத்துக்கு மேல விடமாட்டேன். முதல் ஆளு மோரைக் குடிச்சிட்டு எந்திச்சான்னா, அந்தப் பக்கத்துலருந்து இலையோட பேப்பரைச் சுருட்டிக்கிட்டே வந்துருவானுவ நம்ம பயலுவ. அடுத்த பந்திக்கு ஆளு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்லா. என் பந்தி ஒரு நாளும் பிந்தினது கிடையாது.”

பிளவியா அவர் கையிலிருந்த வலையை வாங்கினாள். ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

குற்றாலிங்கத்தின் வீட்டில் அவரைக் கேட்காமல் ஒரு கரண்டியைக் கூட யாரும் இடம் மாற்றியதில்லை.

அவள் வாளிக்குள் கைவிட்டு ஒரு மட்டிச் சிப்பியை எடுத்தாள். கத்தியால் நெம்பித் திறந்தாள். சதையோடு பாதி ஓட்டைப் பாறை இடுக்கில் செருகி வைத்தாள்.

“உக்காருங்க.”

“எதுக்கு?”

“அது சாப்பிடுத வரைக்கும்.”

“எவ்வளவு நேரம்?”

“தெரியாது.”

“தெரியாமத்தான் ஊரெல்லாம் உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுதானுவளா?”

“உக்காருங்க அண்ணாச்சி.”

கோபத்தோடுதான் உட்கார்ந்தார்.

மீன் வந்தது. ஓட்டைச் சுற்றிப் பார்த்தது. போய்விட்டது.

“பாத்தியா திமிரை.”

பிளவியா கத்தியைத் துடைத்தாள்.

மீண்டும் வந்தது. போய்விட்டது.

“தண்ணி கெட்டுப் போனா?”

“சிதறாது. கடைசில ஓட்டோட தூக்கிரலாம்.”

கோமாளிகள் வந்து கொத்திப் பார்த்தன. சதை ஓட்டோடு ஒட்டியிருந்தது. அள்ளிக்கொண்டு ஓட முடியவில்லை. அவை அலுத்துப்போய் மேலே போயின.

“இருபது நிமிஷம் ஆயிட்டு,” என்றார் குற்றாலிங்கம்.

“யாருக்கு?”

அவர் முறைத்தார். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தார். ஒட்டிப்போன அந்த வயிறு கண்ணில் பட்டது. மறுபடி உட்கார்ந்தார்.

“எனக்கு எரிச்சலா வருது. சமைச்சு வச்சா ஆளு ஓடி வரணும். ஒருத்தன் வாயைப் பாத்து இப்படி ஒரு நாளும் நான் உக்காந்ததில்ல.”

“தெரியுது,” என்றாள்.



அரை மணி தாண்டியது. மீன் வந்தது. இந்தக் கண்ணால் பார்த்தது. அந்தக் கண்ணால் பார்த்தது. ஊசி வாயை ஓட்டின் விளிம்பில் வைத்து எடுத்தது. பின்வாங்கியது.

குற்றாலிங்கம் அசையவில்லை.

மறுபடி வாயை வைத்தது. நூலளவு சதை பிய்ந்து வந்தது. உள்ளே போனது. துப்பவில்லை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து அது இன்னொரு நூலை இழுத்தது.

“முடிஞ்சுதா?” என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

“இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு.”

போன் அடித்தது. மண்டபத்திலிருந்து இசக்கி. பந்தியைப் பார்த்துக்கொள்ளும் ஆள். குற்றாலிங்கம் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் போனைக் காதில் வைத்தார். இசக்கி போட்ட சத்தம் பிளவியாவுக்கும் கேட்டது.

“அண்ணாச்சி, அடுத்த பந்தி உக்காரணும். கடைசி வரிசையில ஒருத்தரு மட்டும் எந்திக்க மாட்டேங்காரு. கை நடுங்குது அவருக்கு. இப்பத்தான் சாம்பாரையே தாண்டிருக்காரு. பின்னால முந்நூறு பேரு நின்னுக்கிட்டுச் சத்தம் போடுதாங்க. எப்பவும் போல சுருட்டிரவா?”

மீன் மறுபடி ஓட்டுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

“அண்ணாச்சி, கேக்குதா?”

“அவருக்கு ரசத்தைக் கொண்டு ஊத்துலே.”

“நிக்கிற ஆளுக?”

“நிக்கட்டும்.”