மணல் கேட்காத மூன்று கேள்விகள்

ஒரு முயல் கடற்கரையில் குந்திக்கொண்டு, பட்டத்தின் மூலையில் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. முயலின் பெயர் துடியன். பெயருக்கேற்ற பிள்ளை! ஓரிடத்தில் ஒரு நிமிஷம் உட்காராது. அதுவே காலையிலிருந்து உட்கார்ந்து மணல் அள்ளுகிறது என்றால் சும்மாவா இருக்கும்?

பட்டம் என்றதும் நூலில் ஆடுகிற காகிதப் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இது முயலையே தண்ணீர் மேல் இழுத்துக்கொண்டு போகிற பட்டம்! கரை ஒதுங்கிய பழைய கறுப்புக் குடைத்துணிதான் அதன் உடம்பு. அதிலிருந்து வலை பின்னுகிற தங்கூசிக் கயிறு நாலு. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. கயிற்றின் முனையில் கைப்பிடியாக ஒரு பனைமட்டைத் துண்டு. கைப்பிடியிலிருந்து முயலின் இடுப்புக்கு ஒரு கயிறு, ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் கழன்றுவிடுகிற முடிச்சோடு. காலுக்கடியில் உடைந்த மீன்பெட்டியின் பலகை. காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் முயலை இழுக்கும், பலகை தண்ணீரில் வழுக்கிக்கொண்டு ஓடும்.

முயலுக்கு எதற்கு இந்த வேலை? காரணம் இருக்கிறது. அந்தக் கரை முன்னே ஒரே கரையாக இருந்தது. ஒரு புயலில் கடல் நடுவே புகுந்து அதை இரண்டாக அறுத்துவிட்டது. துடியன் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதன் தங்கை பஞ்சி அந்தப் பக்கம், மணல் திட்டில் மாட்டிக்கொண்டது. நடுவில் ஓடுகிற நீரை முயல் நீந்திக் கடக்க முடியாது. ஆடிக் காற்று அடிக்கும் மாதத்தில் மட்டும், பட்டத்தைக் கட்டிக்கொண்டு அண்ணன் தங்கையைப் பார்த்து வரலாம்.

போன ஆடிக்குத் துடியன் போகவில்லை.

"பஞ்சி போன வருஷம் மாசம் முழுக்க மேட்டு மேல நின்னா!" என்று அன்று காலை ஆலாப் பறவைகள் வந்து சொல்லிவிட்டுப் போயின. "இந்த வருஷமும் நிக்கிறா! மாசம் முடியப்போகுதே, இன்னும் என்னடா பண்றே?"

முயல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்கரையைப் பார்த்தது. திட்டின் மேட்டில் இரண்டு காதுகள் தெரிந்தன, பொடிப்பொடியாக.

"இன்னைக்கு வந்துடுறேன் பஞ்சி!" என்று கத்திவிட்டு மணலை அள்ளத் தொடங்கியது. அள்ள அள்ள, பழைய நினைப்பெல்லாம் அதோடு சேர்ந்து வந்தது.

முன்பெல்லாம் பட்டத்தின் மூலையில் மணல் இருக்காது. கட்டாரி இருக்கும்.

கட்டாரி ஒரு வயசான உடும்பு. உடைமரத்தின் வேருக்குள் அதன் வளை. முன்பு ஒரு தடவை, பட்டணத்திலிருந்து வந்த மனிதர்கள் இதே கரையில் பெரிய பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு கடலில் ஓடினார்கள். அவர்கள் பட்டம் ஏற்றுவதைப் புதருக்குள் கிடந்து நாலு நாள் பார்த்ததும் கட்டாரிதான். குடைத்துணியை இழுத்து வந்ததும் அதுதான். "உன் தங்கச்சிகிட்ட நீ போகலாம்டா துடியா!" என்று முதலில் சொன்னதும் அதுதான்.

பட்டத்தை ஏற்றுவதில்தான் உயிர் இருக்கிறது. ஒருவர் கைப்பிடியோடு தள்ளி நிற்க வேண்டும். இன்னொருவர் பட்டத்தை, காற்று நேரே மோதாமல் ஓரமாகப் படும்படி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சரியான நேரம் பார்த்து விட வேண்டும். கட்டாரி முன்னங்கால் நகத்தால் பிடித்தால் உடும்புப் பிடி, கேட்கவா வேண்டும்! எந்தக் காற்றிலும் பட்டம் அசையாது. ஆனால் சும்மா விட்டுவிடுமா? மூன்று கேள்வி கேட்கும்.

"கயிறு நேரா?"

"நேர்தாண்ணே!"

"வாயால சொல்லாத. பார்த்துச் சொல்லு! காத்து ஓரமா?"

"ஓரந்தாண்ணே!"

"கழட்டுற முடிச்சு கையிலயா?"

"ஐயோ, கையிலதாண்ணே! விடுங்கண்ணே!"

நடுவில் காற்று ஒரு தூக்குத் தூக்கினால் போச்சு. மறுபடியும் கயிறு நேரா என்று முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். முயலுக்கு எரிச்சலாக வரும். ஆனால் மூன்றாவது பதில் முடிந்து கட்டாரி பிடியை விட்டால், பட்டம் கொஞ்சம்கூடத் தடுமாறாமல் மேலே போகும். அந்த நிமிஷத்தில் முயலுக்கு அப்படியொரு சந்தோஷம்! துடியன் அக்கரை போய்த் தங்கையோடு அடம்பங்கொடித் தளிரைத் தின்று, ஊர்க்கதை பேசிவிட்டு, பொழுது சாயத் திரும்பும். அக்கரையில் பஞ்சி பட்டத்தைப் பிடித்து விடும். அதற்கும் அந்த மூன்று கேள்வியும் மனப்பாடம். இந்தக் கரையில் கட்டாரி, விட்ட இடத்தில் அப்படியே படுத்துக் கிடக்கும். முயலைக் கண்டதும் வாலை ஒரு தட்டுத் தட்டும். அவ்வளவுதான். பேச்சு குறைவான ஆள்.

இவ்வளவு நல்லா இருந்தது எப்படிக் கெட்டது என்கிறீர்களா? எல்லாம் வாய்தான்!

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், ஆலாக்கள் கூட்டமாக வந்து முயலின் தலைக்கு மேல் சுற்றின. "துடியன் மாதிரி உண்டா! இறக்கை இல்லாமலே பறக்குதே!" என்று ஆளாளுக்குக் கூவின. முயலுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அதில் ஓர் ஆலா கேட்டது: "அந்த உடும்புக்கு இங்க என்ன வேலை?"

"அதுவா? மூலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்," என்றது முயல். "அதெல்லாம் ஒரு வேலையா? ஒரு குத்து மணலைப் போட்டா, மணலும்தான் பிடிச்சுக்கும். மணல் நொய்நொய்னு கேள்வியும் கேக்காது!"

ஆலாக்கள் கெக்கெக்கென்று சிரித்தன. முயலும் சிரித்தது.

கட்டாரி அப்போது பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தது. அது திட்டவில்லை, சண்டைக்கும் வரவில்லை. பட்டத்தை மெல்லக் கீழே படுக்க வைத்தது. தன் காலாலேயே ஒரு குத்து மணலை அள்ளி மூலையில் போட்டது.

"இந்தா, உன் ஆளு," என்று சொல்லிவிட்டு உடைமரத்துக்குப் போய்விட்டது.

போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இருபது தாவலில் போய்விடுகிற தூரம்தான். ஆனால் முயலுக்கு வீம்பு! இன்று போகலாம், நாளை போகலாம் என்று இருந்துவிட்டது. அடுத்த ஆடி வந்தபோது தனியாகப் பட்டம் ஏற்றப் பயந்து, புதருக்குள்ளேயே கிடந்து மாதத்தைக் கழித்தது. அங்கே ஒரு தங்கை மேட்டின் மேல் நின்றுகொண்டே இருந்தாள்.

இப்போது முயல் மணலைப் போட்டு முடித்தது.

மனிதர்களில் சிலர் தனியாக வந்து இப்படித்தான் ஏற்றுவார்கள். பட்டத்தைக் காற்றுக்கு ஓரமாகக் கிடத்தி, மேல் மூலையை மடித்து, மடிப்பில் மணல் போடுவார்கள். பிறகு தள்ளிப் போய்க் கயிற்றை மெதுவாக இழுப்பார்கள். மணல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும், பட்டம் எழுந்துகொள்ளும். முயலும் அப்படியே செய்தது. காலைக் காற்று இதமாக இருந்தது. கயிற்றை இழுத்தது. மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. குடைத்துணி புடைத்தது. பட்டம் எழுந்து நின்றது!

"பாத்தீங்களாண்ணே!" என்று முயல் கத்திக்கொண்டே திரும்பியது.

அங்கே யாரும் இல்லை. கட்டாரி வழக்கமாகப் படுக்கிற இடத்தில் வெறும் மணல்தான் இருந்தது. முயலுக்குச் சட்டென்று அழுகை வந்தது. சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது என்ன சந்தோஷம்?

அதற்குள் காற்று படுத்துவிட்டது. பட்டம் தொப்பென்று விழுந்து, மணலில் உருண்டு, கவிழ்ந்து கிடந்தது.

உச்சிப் பொழுது தாண்டியதும் ஆடிக் காற்று தன் சுயரூபத்தைக் காட்டியது. தெற்கிலிருந்து உய்யென்று கிளம்பி மணலை வாரி அடித்தது. முயலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஞ்சி நிற்கிறாளே! ஓடிப்போய்ப் பட்டத்தைப் புரட்டிப் போட்டது. மூலையில் மணலைக் கொட்டியது. இடுப்பில் கயிற்றைக் கட்டியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தள்ளிப் போய் நின்றது.

பட்டம் உருண்டபோது கயிறுகள் மாறிக்கொண்டதை அது பார்க்கவில்லை. இடக்கயிறு வலப்பக்கம் போயிருந்தது, வலக்கயிறு இடப்பக்கம் வந்திருந்தது. மணல் பார்த்ததா? மணலுக்குக் கண்ணா இருக்கிறது! கயிறு நேரா என்று அது கேட்கவும் இல்லை.

முயல் இழுத்தது.

பட்டம் எம்பிக் குதித்தது! முயல் இடப்பக்கம் இழுத்தால் அது வலப்பக்கம் பாய்ந்தது. பதறிப்போய் இன்னும் பலமாக இழுத்தது. பட்டம் ஒரே பாய்ச்சலாகக் காற்றுக்கு நேரே போய் நின்று, வெறி பிடித்ததுபோல் இழுத்தது. முயலின் கால் தரையில் இல்லை. விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. கரையோடு தரதரவென்று வடக்கே இழுபட்டுப் போனது. வழியெல்லாம் சிப்பி முதுகைக் கிழித்தது. எதிரே விரல் நீள முள்ளோடு உடைமரம்!

இடுப்பு முடிச்சை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், விடுதலை. ஆனால் பட்டம் போய்விடுமே! அது போனால் பஞ்சியிடம் போகிற வழியும் போச்சு. முயல் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கியது.

"முடிச்சை அவுருடா!" என்று ஒரு குரல் கேட்டது.

உடைமரத்து வேருக்குள்ளிருந்து கட்டாரி தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"பட்டம் போயிரும்ணே!"

"போனாப் போகுது! நீ போயிட்டா பஞ்சிக்கு யாருடா இருக்கா? அவுரு!"

இரண்டு வருஷம் கழித்துக் காதில் விழுந்த அந்தக் குரலை முயலால் தட்ட முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முடிச்சை உருவியது. மணலில் மூன்று குட்டிக்கரணம் அடித்து, முள்ளுக்கு ஒரு சாண் முன்னால் போய் விழுந்தது.

பட்டம் விட்டால் போதும் என்று கிளம்பியது. கைப்பிடி மணலில் துள்ளித் துள்ளி அதன் பின்னால் ஓடியது. உடைமரத்தைத் தாண்டினால் அப்புறம் திறந்த கடல். கட்டாரி வளையை விட்டுப் பாய்ந்தது. இவ்வளவு வயசான உடும்புக்கு அப்படியொரு பாய்ச்சலா! கைப்பிடியை லபக்கென்று வாயால் கவ்வியது. பட்டம் அதையும் இழுத்தது. அது வாலை வேரில் சுற்றிக்கொண்டு, நாலு கால் நகத்தையும் மணலில் ஊன்றியது. பட்டம் இழுத்தது, இழுத்தது, இழுத்துப் பார்த்து அலுத்துப்போய் மணலில் விழுந்தது.

முயல் நொண்டிக்கொண்டு ஓடி வந்து, குடைத்துணி மேல் ஏறி உட்கார்ந்தது.

"விடுங்கண்ணே! பட்டம் விழுந்துருச்சு, விடுங்க!"

"ம்ம்ஹூம்!" என்றது கட்டாரி. வாய் நிறையக் கைப்பிடி. தாடை பூட்டிக்கொண்டுவிட்டது!

முயலுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் அழுகைதான் ஜெயித்தது. கட்டாரியின் தாடையைத் தன் முன்னங்காலால் தேய்த்துவிட்டுக்கொண்டே பேசியது.

"ரெண்டு வருஷமா சொல்லணும்னு கிடந்தேண்ணே. அன்னைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். உங்களை மணலோட சேர்த்துப் பேசின நாக்கை அறுத்துத்தான் போடணும். நீங்க கேக்குற மூணு கேள்வி இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடலைண்ணே. மன்னிச்சிருங்க."

தாடை மெதுவாகத் திறந்தது. கைப்பிடி கீழே விழுந்தது. கட்டாரி வாயை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டது. பிறகு இரண்டு வருஷக் கோபத்தையும் ஒரே பேச்சில் முடித்தது.

"கயிறு மாறிக் கிடக்குடா, மடப்பயலே!"

முயல் உட்கார்ந்து கயிற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. கொஞ்சம் காற்று தணிகிறவரை இரண்டும் அருகருகே காத்திருந்தன. அப்படிப் பக்கத்தில் இருந்ததே முயலுக்கு நிறைவாக இருந்தது.

பிறகு கட்டாரி பழைய இடத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"கயிறு நேரா?"

முயல் நாலு கயிற்றையும் கண்ணால் தொட்டுப் பார்த்தது. "நேர்ண்ணே."

"காத்து ஓரமா?"

"ஓரம்ணே."

"கழட்டுற முடிச்சு கையிலயா?"

"கையிலண்ணே." முயல் முடிச்சை மறுபடி தொட்டுப் பார்த்தது. "அண்ணே, இன்னொரு தடவை கேளுங்களேன்."

கட்டாரி ஒரு மாதிரியாகப் பார்த்தது. ஆனால் கேட்டது. மூன்றையும் முதலிலிருந்து கேட்டது. மூன்றாவது பதில் முடிந்ததும் பிடியை விட்டது. பட்டம் தடுமாறாமல் மேலே போனது.

அக்கரையில் பஞ்சி மேட்டிலிருந்து உருண்டு புரண்டு ஓடி வந்தது. "வந்துட்டியாண்ணே! வந்துட்டியா!" என்று அண்ணனைச் சுற்றிச் சுற்றிக் குதித்தது. மேலே ஆலாக்கள் வேறு வந்துவிட்டன. "துடியன் மாதிரி உண்டா! தனியாவே வந்துருச்சே!"

முயல் தலையை நிமிர்த்தி ஓங்கிக் கத்தியது. "தனியா வந்தேன்னு எவன் சொன்னது? அங்க பாருங்க! அவருதான் என்னை அனுப்பி வச்சாரு!"

எதிர்க்கரையில், விட்ட இடத்திலேயே ஒரு கறுப்புக் கோடு படுத்துக் கிடந்தது. அது வாலை ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவு தூரத்திலும் அது முயலுக்குத் தெரிந்தது.

ஊரே மெச்சிக் கைதட்டினாலும் சரி, நம்மை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற துணையை எதற்காகவும் மாற்றிக்கொள்ளக் கூடாது.