மணம் கையை விட்ட வேளை

ஒரு நெல்லுக்குள், கண்ணுக்குத் தெரியாத இழை ஒன்றில், குணங்கள் தெருவில் குடியிருப்பதுபோல் வரிசையாகக் குடியிருந்தன. மணமும் சாய்வும் அடுத்தடுத்த வீடு. மணம் சோற்றுக்கு வாசம் கொடுத்தது. சாய்வோ கதிர் முற்றியதும் பயிரைத் தரையில் படுக்க வைத்தது.

ஆராய்ச்சி வயலில் இருந்த கோசலைக்கு வாசமும் வேண்டும், பயிர் நிற்கவும் வேண்டும். நிமிர்ந்து நிற்கும் குட்டை நெல்லோடு இந்த நெல்லைக் கலந்து பார்த்தாள். வாசம் வந்த செடியெல்லாம் சாய்ந்தது. நின்ற செடியில் வாசமில்லை.

“அடுத்த போகத்துலயும் அமையலைன்னா இந்த வாசத்தை விட்டுட வேண்டியதுதான்” என்றாள்.

“அப்ப நான் அழிஞ்சேனா?” என்றது மணம்.

“எதுக்குக் கலங்குறே? நாம ஓருடம்பு. செத்தாலும் சேர்ந்தே சாவோம்” என்றது சாய்வு. நல்ல ஆறுதல்தான்!

கலப்புச் செடியின் பூவுக்குள் மகரந்தம் உருவாகும் வேளை வந்தது. குட்டை நெல்லின் இழை வந்து இந்த இழையோடு பின்னிக்கொண்டது. அப்போது இரண்டும் அங்கங்கே அறுந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டும். அறுந்தால் அழிந்தோம் என்று நம்பிய மணம், வழக்கம்போல் சாய்வின் கையை இறுகப் பிடித்தது.

எதிர் இழையிலிருந்து ஒரு குரல் கேட்டது. முன்பு இதே தெருவின் கோடியில் இருந்து, போன தலைமுறையில் அறுந்து போன செம்மை. அரிசிக்குச் சிவப்பு தருவது.

“செம்மையண்ணே, நீங்க உயிரோடவா இருக்கீங்க?”

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கோடி வீடு, சுலபமா வந்துட்டேன். உனக்குக் கஷ்டம்தான். ஆனா உங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. கையை விடு.”

“விட்டுடாதே” என்று கெஞ்சியது சாய்வு.

மணம் ஒருமுறை சாய்வைத் திரும்பிப் பார்த்தது. பிறகு விட்டது. சந்தில் இழை அறுந்து, மாறி ஒட்டியது. மணம் கண் திறந்தபோது பக்கத்து வீட்டில் குட்டை நெல்லின் நிமிர்வு இருந்தது.

அந்தப் பூக்களில் விளைந்த விதைகள் பயிராகி முற்றியபோது பேய்மழை அடித்தது. வாசமுள்ள செடிகள் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டன. கோசலை நின்ற செடிகளின் இலைகளைக் கசக்கி முகர்ந்துகொண்டே வந்தாள். ஒரு செடியருகே அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி முகர்ந்தாள். சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆய்வுக்கூடப் பலகையில் இழைக்கு ஒரு கோடு இழுத்து, மணத்துக்கும் சாய்வுக்கும் புள்ளி வைத்தாள்.

“ஒரே புள்ளியா வச்சிடலாமே மேடம், இத்தனை செடியில ஒண்ணுதானே பிரிஞ்சுது?” என்றார் உதவியாளர் துரைக்கண்ணு.

“அதனாலதான் இவ்வளவு கிட்ட வைக்கிறேன். அடிக்கடி பிரிஞ்சா தூரத்து வீடு. அபூர்வமாப் பிரிஞ்சா பக்கத்து வீடு.”

சொல்லிக்கொண்டே, இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் மயிரிழை இடம் விட்டாள்.

“இதை மட்டும் அடைக்கக் கூடாது துரைக்கண்ணு. இந்த வழியா ஒருத்தர் வெளியே வந்திருக்காங்க.”