ஏக்கத்தைத் தணிக்கும் வேர்

லம்பாசா ஆற்றங்கரையில், கரும்புத் தோட்டம் முடியும் இடத்தில் நீலம்மாவின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்று சொன்னது ஊர்க்காரர்கள். அவரைக் கேட்டால் வீடு என்பார். தகரக் கூரை, இரண்டு அறை, ஒரு மூலையில் நட்டு வைத்த வேல், பின்பக்கம் மூலிகைப் பாத்தி.

பிஜித் தீவுக்குக் கரும்பு வெட்ட வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர் அவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. காய்ச்சலோடும் வயிற்றுவலியோடும் வந்தவர்களுக்குக் கஷாயம் கொடுப்பார். வேறு ஏதாவது பாரத்தோடு வந்தவர்களுடன் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்படி வந்தவர்களில் சிலர்தான் அவரைக் குரு என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

கரும்பு ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற இருசப்பன் ஒரு காலையில் அங்கே வந்தார். நீலம்மாவைவிட இருபது வயதாவது மூத்தவர். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கைகூப்பி நின்றார்.

"என்னைச் சீடனா ஏத்துக்கணும்மா."

"எதுக்கு ஐயா?"

"என் சம்சாரம் போய் ரெண்டு வருஷமாச்சு. அவ நெனப்பு விடமாட்டேங்குது. நீங்க ஆசையை அறுத்தவங்கன்னு சொன்னாங்க. எப்படி அறுக்கிறதுன்னு எனக்கும் சொல்லிக்குடுங்க."

"இப்போ அதுக்கு என்ன செய்றீங்க?"

இருசப்பன் கொஞ்சம் தயங்கினார். "காவா குடிக்கிறேன்."

காவா அந்தத் தீவுகளில் விளையும் செடி. மிளகுக்கும் வெற்றிலைக்கும் உறவு. அதன் வேரைக் காயவைத்து இடித்து, துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்தால் சேற்று நிறத்தில் ஒரு பானம் இறங்கும். குடித்தால் நாக்கு மரத்துப்போகும். பிறகு தோள் தளரும், மனம் அடங்கும். பிஜியின் பூர்வகுடிகள் காலம்காலமாகக் குடிப்பது. கரும்புக்கு வந்தவர்களும் பழகிக்கொண்டார்கள்.

"கையில இருக்கா?"

"இருக்கு."

"கரைச்சுக் காட்டுங்க."

சாமி கும்பிடும் இடத்தில் இப்படிக் கேட்பார் என்று இருசப்பன் எதிர்பார்க்கவில்லை. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். நீலம்மா கொடுத்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பொடியைத் துணியில் கட்டிப் பிசைந்தார். கை பழகியிருந்தது. ஒரு சிரட்டை நிறைய மொண்டு நீட்டினார்.

நீலம்மா ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் வைத்திருந்து, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"குடிச்சா அவங்க நெனப்பு வராதா?"

"வரும். ஆனா தூரத்துல நிக்கும். ஆத்துக்கு அக்கரையில யாரோ நிக்கிற மாதிரி. மொகம் தெரியாது."

"எவ்வளவு குடிப்பீங்க?"

"முன்னெல்லாம் ஒரு சிரட்டை போதும். இப்போ பாத்திரம் காலியாகணும்."

"கூட வேற எதாவது?"

"சில நாள் ரம். டவுன் டாக்டர் ஒருத்தர் தூக்கத்துக்கு மாத்திரை குடுத்தாரு. அதையும் போட்டுக்குவேன்."

நீலம்மா சிரட்டையைக் கீழே வைத்தார். "இப்படி வெளிச்சத்துக்கு வாங்க."

வாசலில் நிற்க வைத்து, கட்டைவிரலால் அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"சாப்பாடு இறங்குதா?"

"பசியே இல்லை."

"மூத்திரம் எப்படிப் போகுது?"

ஒரு பெண் அப்படிக் கேட்டதில் இருசப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. "டீத்தண்ணி மாதிரி" என்றார்.

"செருப்பைப் போடுங்க. பஸ் வர்ற நேரம்."

"எங்கேம்மா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"நான் ஞானம் கேட்டு வந்தேன்."

"அதைக் கேக்குறதுக்கும் ஈரல் வேணும் ஐயா."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் வீங்கியிருந்தது. மஞ்சள் காமாலை கண்ணிலிருந்து தோலுக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. நீலம்மா பொட்டலத்தை டாக்டரிடம் காட்டினார்.

"வேரை மட்டும் இடிச்சதில்லை இது. தண்டுத் தோலையும் சேர்த்து இடிச்சிருக்காங்க. நாக்குல வேற கசப்பு."

டாக்டர் முகர்ந்து பார்த்தார். "கெடுத்தது இதுவா, ரம்மா, மாத்திரையான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. மூணும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். மூணையும் நிறுத்தணும். இவர் ஈரலுக்கு இனிமே நல்ல காவாவும் வேண்டாம், ஒரு சொட்டுகூட."

"முன்கூட்டியே வந்திருந்தா?" என்று இருசப்பன் கேட்டார்.

"இப்பவாவது வந்தீங்களே" என்றார் டாக்டர்.

இருசப்பன் சில வாரம் அங்கேயே படுத்திருந்தார். நீலம்மா பஸ் ஏறி வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போவார். ஞானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இருசப்பனும் கேட்கவில்லை.

கண்ணில் வெள்ளை திரும்பிய பிறகு அவரை அனுப்பினார்கள். தனி வீட்டுக்குப் போக வேண்டாமென்று நீலம்மா ஆசிரமத்திலேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்.

உடம்பு தேறியது. பசி வந்தது. கூடவே மற்றதும் வந்தது.

அக்கரையில் நின்றவள் இக்கரைக்கு வந்துவிட்டாள். துணி துவைத்தால் பக்கத்தில் குனிந்து நின்றாள். சோற்றில் கை வைத்தால் உப்புப் போதுமா என்று கேட்டாள். விடியற்காலையில் கண் விழித்ததும் அவள் இல்லை என்பதை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு நாள் நீலம்மா பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது இருசப்பன் போய் முன்னால் நின்றார்.

"என் மருந்தைப் பிடுங்கிட்டீங்க."

"பிடுங்கினது டாக்டர்."

"கூட்டிட்டுப் போனது நீங்க."

"ஆமா."

"அதுக்குப் பதிலா என்ன தரப்போறீங்க? தாங்க முடியலைம்மா. வேற மூலிகை எதாவது இருக்கா?"

"இருக்கு. தூக்கம் வரும். ஏக்கம் போகாது."

"அப்போ நான் என்ன பண்றது?"

"தெரியலை ஐயா."

இருசப்பன் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். பஸ் வந்தது. அது டவுனுக்குப் போகும். டவுனில் அவர் காவாப் பொடி வாங்கும் கடை இருந்தது. கண்டக்டர் படியில் நின்று, "வரீங்களா பெரியவரே?" என்று கேட்டான். இருசப்பன் தலையை ஆட்டினார். வருகிறேன் என்றா, இல்லை என்றா என்று அவருக்கே தெரியவில்லை. பஸ் போய்விட்டது.

அவர் திரும்பி வந்தபோது அடுப்படியில் இரண்டு தட்டு வைத்திருந்தது. நீலம்மா எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் சொன்னார்:

"நாளைக்குச் சாயங்காலம் இசிகேலி வீட்டுக்குப் போகணும். நீங்களும் வாங்க."

இசிகேலி ஆற்றுக்கு மேலே குன்றில் இருந்த பிஜியர். காவா பயிரிடுகிறவர். அவருடைய அண்ணன் இறந்து நூறாம் நாள் அது. அன்றைக்கு உறவும் பழக்கமும் கூடி உட்காருவது அவர்கள் வழக்கம்.

"அங்கே காவா இருக்குமே" என்றார் இருசப்பன்.

"இருக்கும்."

"என்னைச் சோதிக்கிறீங்களா?"

"சாவு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. போகணும். அவ்வளவுதான்."

பாய் விரித்த கூடத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கால் வைத்த பெரிய மரத்தொட்டி. இசிகேலி தன் தோட்டத்து வேரைத் தோல் சீவி, காயவைத்து இடித்து வைத்திருந்தார். பச்சைத் தண்ணீரில் நிதானமாகப் பிசைந்தார். அவசரம் யாருக்கும் இல்லை. சிரட்டை ஒவ்வொருவராக வந்தது. வாங்குகிறவர் ஒரு முறை கைதட்டினார், குடித்தார். குடித்து முடித்ததும் வட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள்.

வேர் வாசனை வந்ததும் இருசப்பனின் வாயில் நீர் ஊறியது. கைகளை மடியில் இறுக்கிக்கொண்டார்.

அவர் முறை வந்தபோது இசிகேலி எழுந்தார். உள்ளே போய் அதே போன்ற சிரட்டையில் இளநீர் கொண்டுவந்து, மற்றவர்களுக்குக் கொடுத்தது போலவே இரண்டு கையாலும் நீட்டினார். இருசப்பன் கைதட்டி வாங்கிக் குடித்தார். எல்லாரும் திருப்பித் தட்டினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு பேச்சு தொடங்கியது. இசிகேலி தன் அண்ணன் பன்றியைத் துரத்திக்கொண்டு போய்ச் சேற்றில் விழுந்ததைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இசிகேலி அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. அழுது முடியட்டும் என்று காத்திருந்தார்கள். இன்னொருவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். நீலம்மாவுக்கும் இருசப்பனுக்கும் அவர்கள் பாஷை புரியும்.

நீலம்மாவின் முறை வந்தது. ஒரே ஒரு சிரட்டை குடித்திருந்தார். அடுத்த சுற்றில் வேண்டாம் என்று கையை வைத்து மூடிவிட்டார்.

"என் மக மழை வந்தா வீட்டுக்குள்ள நிக்கமாட்டா" என்றார். "இழுத்து உள்ள விட்டா, என் சேலைக்குள்ள நுழைஞ்சு மறுபக்கமா வெளிய ஓடிடுவா. என்னையும் நனைச்சுட்டுத்தான் போவா. நாலு வயசு."

அதற்கு மேல் சொல்லவில்லை. வட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் குழந்தையைத் தெரிந்திருந்தது. ஒரு கிழவி, "ஆமாம், அப்படித்தான் ஓடுவாள்" என்றாள்.

இருசப்பன் நீலம்மாவைப் பார்த்தார். அவருக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே இருசப்பனுக்கு அதுவரை தெரியாது.

இப்போது எல்லாரும் இருசப்பனைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். பேச முடியாது என்றுதான் நினைத்தார்.

"அவ பேரு தேசம்மா" என்று ஆரம்பித்தார். அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. "எங்க வீட்டுக்கிட்ட தண்டவாளம் ஒரு வளைவு வளையும். அங்க வந்ததும் ரயிலை ஒரு தடவை கூவ விடுவேன். அதைக் கேட்டுத்தான் அவ உலை வைப்பா. ஒரு தடவை மறந்துட்டேன். வீட்டுக்கு வந்தா அடுப்பே பத்தவைக்கலை. ஏன்டீன்னா, 'நீதான் இன்னும் வரலையே'ங்கிறா. எதிர்ல நிக்கிறேன். 'கூவினாத்தான் வந்த கணக்கு'ங்கிறா."

கிழவி வாய்விட்டுச் சிரித்தாள். இருசப்பனும் சிரித்தார். அப்புறம் அவர் முகம் கோணியது. இரண்டு வருடமாக வராத அழுகை, ரயில் ஓட்டிய அந்தப் பெரிய உடம்பைக் குலுக்கி எடுத்தது. தொட்டிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

இருட்டுவதற்குள் இருவரும் குன்றை விட்டு இறங்கினார்கள். பாதி வழி வந்ததும் இருசப்பன் கேட்டார்:

"உங்களுக்கு மக இருந்தாளா?"

"இருந்தா."

"நீங்க ஆசையை அறுத்தவங்கன்னு ஊர்ல சொன்னாங்களே."

"சொன்னது ஊர். நான் சொல்லலையே."

இருசப்பன் கொஞ்ச தூரம் நடந்தார். "அவங்களும் அதே வேரைத்தான் குடிக்கிறாங்க. அவங்களுக்கு அழுகை வருது. எனக்கு அப்போ ஏன் வரலை?"

"நீங்க யாரோட உக்காந்து குடிச்சீங்க?"

கரும்புக் காட்டு ஓரமாக ஒற்றையடிப் பாதை குறுகியது. நீலம்மா முன்னால் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருசப்பன் கேட்டார்:

"அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த ஏக்கம் ஒரு நாள் போயிடுமா?"

நீலம்மா நின்றார். திரும்பவில்லை.

"போயிடுமோன்னுதான் எனக்கும் பயமா இருக்கு ஐயா."